செவ்வாய்க்கிழமை, கிழக்குத் தெரு

உள்ளேயிருந்து நாற்பத்தொன்றைக் கூப்பிட்டார்கள். மேகலாவின் சீட்டில் ஐம்பத்தாறு, வேர்வையில் மை கரைந்துவிடக் கூடாதே என்று அதை இரண்டு விரல் நுனியால் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியின் பின்கட்டு வராந்தா, நீளமான இரும்பு பெஞ்சு, உட்கார்ந்து உட்கார்ந்து பெயின்ட் போன இடமெல்லாம் வழவழவென்று கிடந்தது. பக்கத்தில் அவளுடைய மாமனார் அங்கமுத்து, கஞ்சி போட்ட வேட்டியும் வெள்ளைச் சட்டையும் மழமழவென்று சிரைத்த முகமுமாக, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சிரைத்துவிட்டதும் அவள்தான், சட்டைக்கு இஸ்திரி போட்டதும் அவள்தான், பையில் புளிச்சோறு, தண்ணீர் பாட்டில், மாற்று வேட்டி ஒன்று, அதற்கும் மாற்றாக இன்னொன்று. எதையும் மறக்கவில்லை. கிளம்பும்போது மகள் தன்ஷிகாவை பக்கத்து வீட்டு அஞ்சுகத்திடம் விட்டாள், அது வாசலில் நின்று, தாத்தா நல்லா பதில் சொல்லணும் என்று கத்தியது. பஸ்ஸில் வரும்போதுகூட மாமாவை ஒருதரம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டாள். பேரு? அங்கமுத்து. ஊரு? வேலாங்குறிச்சி. இன்னைக்கு என்ன கிழமை? செவ்வாய்க்கிழமை, கிழக்குத் தெரு. என்ன மாசம்? ஆவணி. எங்க வந்திருக்கோம்? ஜில்லா ஆஸ்பத்திரி. ஒன்றுகூடத் தப்பவில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார், மேகலாவுக்குப் பெருமை தாங்கவில்லை, ஆவணி என்பதை எத்தனை நாள் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தாள் என்று அவருக்கு என்ன தெரியும். அந்தப் பெருமையோடுதான் பஸ்ஸை விட்டு இறங்கினாள், அந்தப் பெருமையோடுதான் சீட்டு வாங்கினாள், பெஞ்சில் இடம் பிடித்தாள், பக்கத்திலிருந்த யாரோ ஒரு அம்மாவிடம் சிரித்துக்கொண்டே, எங்க மாமா எல்லாத்துக்கும் டக்குடக்குனு சொல்லிருவாருங்க, மூணு வாரமா படிக்க வெச்சிருக்கேன் என்று சொன்னாள். அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். படிக்க வெச்சியா, என்றாள்.

அந்த அம்மாள் பேர் காந்திமதி, கூட வந்திருந்தது அவள் வீட்டுக்காரர், தலை சீவாமல், சட்டைப் பொத்தான் ஒன்று விட்டு ஒன்று மாட்டி, வாயோரம் எச்சிலோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், கவனிக்க ஆளில்லை போல என்று மேகலா முதலில் நினைத்ததுகூட உண்டு. "நல்லா பதில் சொன்னா ஊனச் சான்று எப்படிம்மா குடுப்பாங்க," என்றாள் காந்திமதி. "போன தடவ இவரு உள்ள போனதும் எந்திரிச்சு நின்னு டாக்டருக்கு ஒரு கும்புடு போட்டாரு, பேரு ஊரு எல்லாம் கேக்காமலே சொன்னாரு, நேரு மாமான்னு போட்டோவ காட்டிச் சொன்னாரு. வீட்டுல என்னையே யாருன்னு கேக்கற மனுசன். நல்லாத்தானே இருக்காருன்னு அனுப்பிச்சுட்டாங்க. இந்தத் தடவ நான் தலகூட சீவி விடல பாத்தியா." இதைச் சொல்லிவிட்டு அவள் வெற்றிலைப் பையைத் திறந்து, இல்லை இங்கே போடக் கூடாது என்று மூடினாள். மேகலா சிரித்த வாய் சிரித்தபடியே இருந்தது. பரீட்சை என்றால் பாஸாக வேண்டும், இதுதான் அவளுக்குத் தெரிந்தது, பதில் சொன்னால் ஃபெயில் என்று ஒரு பரீட்சை உலகத்தில் உண்டா. உண்டு போல. மூன்று வாரம். காலையில் இட்லிக்கு முன்னால் ஒரு தரம், சாயங்காலம் டீக்கு அப்புறம் ஒரு தரம். நாற்பத்திரண்டு வரலாம் என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

சுகாதார நர்ஸ் அக்கா என்னதான் சொன்னது. முகாம்ல கேள்வி கேப்பாங்க மேகலா, நாளு கிழமையெல்லாம் கேப்பாங்க, தயாரா கூட்டிட்டுப் போ என்றது. தயாரா என்றால் என்ன அர்த்தம், தயாராக என்றுதானே அர்த்தம். போன வருஷம் தன்ஷிகாவை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும் கேள்வி கேட்டார்கள், அதற்கும் தயார் செய்தாள், வாட் இஸ் யுவர் நேம் என்று பல் தேய்க்கும்போதுகூடக் கேட்டாள், பிள்ளை பதில் சொன்னது, இடம் கிடைத்தது. அதே மாதிரிதான் என்று நினைத்தாள். வேறு மாதிரி நினைக்க யாராவது சொன்னார்களா. தாத்தாவும் பேத்தியும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார, அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள், தன்ஷிகா முந்திக்கொண்டு சொல்லிவிடும், நீ கம்முனு இரு, உனக்கில்ல கேள்வி தாத்தாவுக்கு என்பாள். கிழமைதான் நிற்கவே மாட்டேன் என்றது. செவ்வாய் என்று சொல்லி மூடிய வாய் திறப்பதற்குள் போய்விடும். ஒரு நாள் அவராகவே, இன்னைக்கு எந்தத் தெருவுக்கு என்று கேட்டார், அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. முப்பத்தோரு வருஷம் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். திங்கள் வடக்குத் தெரு, செவ்வாய் கிழக்குத் தெரு, புதன் காலனி, வியாழன் மேட்டுத் தெரு, விடியக்காலை போய் வால்வைத் திருகி விட்டால்தான் அந்தந்தத் தெருவில் குடம் நிறையும். கிழமை போய்விட்டது, தெரு போகவில்லை. தெருவின் வாலைப் பிடித்துக் கிழமையை இழுத்து வெளியே கொண்டுவந்தாள். அன்றைக்கு அவளே கைதட்டினாள், தன்ஷிகாவும் தட்டியது, அவரும் என்னவென்று தெரியாமல் தட்டினார். எவ்வளவு சந்தோஷமான சாயங்காலம் அது. அதுதான் தப்பா.

வராந்தா முனையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். எழுந்திருக்கப் பார்த்தார், தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். வாஷர் போயிருச்சு, என்றார். ஆமாங்க மாமா, வந்து மாத்துவாங்க. வால்வு, குழாய், திருகு, எதைப் பார்த்தாலும் கை போய்விடும், பிளாஸ்டிக் டப்பாவின் மூடிகூடத் திருகினபடி இருக்கும், அதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும், இந்த வைகாசியில் ஒரு விடியக்காலை அவள் எழுந்து வந்தபோது வீடெல்லாம் ஒரு நாற்றம், முட்டை அழுகிய நாற்றம், முதலில் எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்தாள், எலி என்றுதான் நினைத்தாள், சுவரில் லைட் சுவிட்சுக்குக் கை போய்விட்டது, போன கை ஏனோ நின்றது. இப்போதும் அந்தக் கை நின்ற இடம் தோளில் வலிக்கிறது. அடுப்பின் இரண்டு திருகும் முழுசாகத் திறந்திருந்தன, அவர் பக்கத்தில் நின்று, கெழக்குத் தெருவுக்கு விட்டிருக்கேன் ஆயி, ரெண்டு மணி நேரம் ஓடட்டும் என்றார். தன்ஷிகா அடுத்த அறையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிற்று. அதற்குப் பிறகு சிலிண்டர் ரெகுலேட்டர் தனியாக, அடுப்படிச் சாவி இவள் தாலிக்கயிற்றில், தையல் கம்பெனி வேன் எட்டரைக்கு வருமுன் மாமாவை முன்னறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள். உள்ளேயிருந்து அவர் கதவைத் தட்டுவார். கோபமாகத் தட்டமாட்டார், ஒரு மரியாதையோடு தட்டுவார், யாருங்க, பம்பு ரூம வெளியில பூட்டிட்டீங்க, ஆள் உள்ள இருக்கேன் என்பார். அது வேன் வரைக்கும் கேட்கும். வேனில் பாட்டுப் போட்டிருப்பார்கள், அதுக்குள்ளும் கேட்கும். அஞ்சுகம் அக்கா பகலெல்லாம் வந்து உட்காரத் தயார், ஆனால் அக்காவும் நூறு நாள் வேலையை விட்டுவிட்டுத்தானே வரணும், சும்மா வா என்று எப்படிக் கூப்பிடுவது. சான்று கிடைத்தால் மாசாமாசம் பராமரிப்புக்கு என்று பணம் வரும், அதை அப்படியே அஞ்சுகத்தின் கையில் கொடுத்துவிடலாம், தாழ்ப்பாளைத் திறந்துவிடலாம். அவ்வளவுதான் அவள் கேட்பது. ஒரு தாழ்ப்பாள்.

அதற்கு ஆபீசில் எத்தனை ஜன்னல். முதல் ஜன்னலில் முதியோர் பணமா, மகன் சம்பாதிக்கிறாரா, அப்போ இல்லை என்றார்கள். இரண்டாவது ஜன்னலில் ஊனம் எது, கையா காலா கண்ணா என்றார்கள். மறதிங்க என்றாள். மறதி எல்லாருக்கும்தாம்மா, என் பேனாவ எங்க வெச்சேன்னு நானே தேடிட்டிருக்கேன் என்று அந்த ஆள் சிரித்தார், நல்ல மனுஷர்தான், பேனா அவர் காதில் இருந்தது, அவள் எடுத்துச் சொன்னாள். விண்ணப்பத்தில் கட்டம் கட்டமாக இருந்தது, கண், காது, கை கால், மனம். மறதிக்கு எந்தக் கட்டம். மனத்துக்கு நேரே டிக் போடச் சொன்னார்கள், ஓசூரிலிருந்து வீட்டுக்காரன் குமரேசன் போனில் கத்தினான், எங்கப்பன பைத்தியம்னு எழுதிக் குடுக்கறியா என்று. நீங்க வந்து ஒரு வாரம் இருந்து எந்தக் கட்டம்னு பாத்துச் சொல்லுங்க என்றாள், அவன் வைத்துவிட்டான், ராத்திரி திரும்பக் கூப்பிட்டு, சரி எதுலயாச்சும் போடு, அவர் காதுல விழாமப் பாத்துக்க என்றான். காதில் விழாமல். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ஐம்பதைக் கூப்பிட்டுவிட்டார்களா, நாற்பத்தொன்பதா. எதற்கும் சீட்டைப் பார்த்தாள், ஐம்பத்தாறு, அது மாறவில்லை.

இன்னும் நேரம் இருக்கிறது, சொல்லிக்கொடுத்ததைத் திருப்பி எடுத்துவிட்டால் என்ன. அவர் தலையில் கையை வைத்து, ஏதோ தூசி தட்டுகிற மாதிரி, படிய வாரிய முடியைக் கலைத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, வகிடு பார்த்து, வாரிக்கொண்டார். சீப்பை ஊதித் திரும்ப வைத்தார். சிரிப்பு வந்தது அவளுக்கு, அடக்கினாள். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டாள், புழுக்கமா இருக்குல்ல மாமா. அவர் மாட்டிக்கொண்டார். காந்திமதி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா," என்றாள் மேகலா, குரலைத் தாழ்த்தி, "உள்ள டாக்டரம்மா கேட்டா, தெரியலன்னு சொல்லிருங்க." அவர் யோசித்தார். "தெரியுமே," என்றார். "தெரியுந்தான். ஆனாலும் தெரியலன்னு சொல்லுங்க." "பொய்யா?" அவள் வேறு வழி பார்த்தாள். "இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க மாமா." அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார், தப்பாகச் சொன்ன தன்ஷிகாவை அவள் பார்க்கிற அதே பார்வை. "வெள்ளிக்கெழம தொட்டி கழுவற நாளு. தண்ணி கெடையாது. இன்னைக்குச் செவ்வா. கெழக்குத் தெரு," என்றார். என்ன தெளிவு. நேற்று அவளைப் பார்த்து நீ யாரு வீட்டுப் புள்ள என்று கேட்டவர். ஐயோ சாமி, சொல்லக் கூடாது என்று அடித்துக்கொள்கிற நெஞ்சுக்குள்ளேயே, சபாஷ் என்று ஒன்று கைதட்டுகிறதே, இது என்ன ஜென்மம், எதை வேண்டிக்கொள்வது. சொல்லட்டும் என்றா, சொல்லாமல் போகட்டும் என்றா. சொல்லிவிட்டால் தாழ்ப்பாள். சொல்லாவிட்டால் மூன்று வாரமும் வீண், அது மட்டும் இல்லை, சொல்லாவிட்டால் அந்தக் கிழமையும் உண்மையாகவே போய்விட்டது என்று ஆகும், அவள் தானே இழுத்து வெளியே கொண்டுவந்தது, அவள் கண்ணெதிரே போகும்.

அப்போ நாமேதான் எடுத்துச் சொல்ல வேண்டும், டாக்டரம்மா, இவர் கேஸைத் திறந்துவிடுகிறார், உட்கார்ந்த இடத்தில் ஒன்றுக்குப் போகிறார், ஒரு தரம் வேட்டியில்லாமல் தெருமுக்கு வரை போனார். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போதா. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் மாமா முன்னால் அவள் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை, இன்றைக்கு பஸ் சீட்டும் இந்த பெஞ்சும்தான் முதல் தரம். அதட்டி ஒரு வார்த்தை அவரும் சொன்னதில்லை. தன்ஷிகா பிறந்து தீட்டுத் துணி மலைபோல் கிடந்தபோது, அவர் யாரிடமும் சொல்லாமல் வீடு இருக்கிற கிழக்குத் தெருவுக்கு அரை மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் விட்டார், ஒரு மாசம் விட்டார், ஆபரேட்டர் பேத்திக்குத் தனி லைனா என்று வடக்குத் தெருக்காரர்கள் ஏசினார்கள், வால்வு தேஞ்சு போச்சுப்பா, சீக்கிரம் மூட மாட்டேங்குது என்று அவர்களிடம் சொன்னார். அவர் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். அந்த மனிதரை வைத்துக்கொண்டு, வேட்டியில்லாமல் என்று எந்த வாயால். இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்பார்கள், அதற்காவது பதில் வேண்டும். வால்வை மூட மறந்து காலனித் தெரு மிதந்ததே அப்போதா. இல்லை, அது அத்தை செத்த வருஷம், அப்போது யாருக்கும் புத்தி சரியாக இல்லை. சாவியைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் போட்டது. அது நானா அவரா. தீபாவளிக்கு முன்னா பின்னா. நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டோம். இன்றைக்கு உண்மையிலேயே செவ்வாய்தானா, வெள்ளி என்று தன் வாயால் சொன்னதிலிருந்து அவளுக்கே உறுதியில்லாமல் போயிற்று, சுவரில் காலண்டரைத் தேடினாள், இருந்த ஒரு காலண்டரிலும் யாரோ தாள் கிழிக்காமல் ஞாயிற்றுக்கிழமை தொங்கிக்கொண்டிருந்தது.

ஐம்பத்தாறு.

டாக்டரம்மா அவள் வயசுதான் இருப்பாள், கண்ணாடி போட்டிருந்தாள், மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் எழுதுவதற்கென்று உட்கார்ந்திருந்தாள். மேகலா நீட்டிய மூளை ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்க பேரு என்னங்கய்யா?" என்றாள். "அங்கமுத்து." "ஊரு?" "வேலாங்குறிச்சி." "இன்னைக்கு என்ன கிழமை?" கொஞ்சம் நின்றார். நின்ற அந்த ஒரு மூச்சில் அவள் என்ன வேண்டினாள் என்று பிற்பாடு எத்தனை தரம் யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. "செவ்வாய்க்கெழம," என்றார், கிழக்குத் தெருவை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார். மாசம் ஆவணி. வந்திருப்பது ஜில்லா ஆஸ்பத்திரி. அதே வரிசை, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்ட அதே வரிசை, யார் போய் இவளிடம் சொன்னார்களோ. ஒவ்வொரு பதிலுக்கும் அவர் மேகலாவைத் திரும்பிப் பார்த்தார், தன்ஷிகா பார்க்கிற மாதிரி, அவளும் கழுத்து தானாக ஆட, ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா தாளில் ஏதோ ஒரு சின்ன எண்ணை எழுதினாள். "ஸ்கேன்ல இருக்கு. ஆனா ஆளு நல்லா பேசுறாரேம்மா," என்றாள். "வீட்டுல என்ன பண்றாரு, எப்போலேருந்து இப்படி? நீங்கதான் சொல்லணும்."

சொல்லு. மேகலா வாயைத் திறந்தாள். கேஸ் என்று ஆரம்பிக்க வேண்டும், கேஸ் என்று சொன்னால் போதும், மற்றது தானாக வரும். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பல் செட் இல்லாத வாய் கொஞ்சம் திறந்து, அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று ஆசையோடு. அந்த முகத்தைத் தாண்டிப் போகிற வழி அவளுக்குத் தெரியவில்லை. எப்போலேருந்து. வைகாசி. வைகாசிக்கு முன்னால். தீபாவளி. அரிசிப் பானை. எழுதுகிற பெண் பேனாவோடு காத்திருந்தாள், அடுத்த டோக்கன் கதவுக்கு வெளியே இருமியது. தன் பேரைக் கேட்டால்கூடச் சொல்ல வராது போல இருந்தது. டாக்டரம்மா மணியைப் பார்த்தாள். அப்போதுதான் அங்கமுத்து நாற்காலியிலிருந்து மெல்லச் சாய்ந்து, கையை வாய்க்குத் தடுப்பாக வைத்து, அறை முழுக்கக் கேட்கிற ரகசியக் குரலில் சொன்னார்:

"செவ்வாய்க்கெழமன்னு சொல்லு."

அவள் பேசாமல் இருப்பதைப் பார்த்து இன்னும் நெருங்கி வந்தார். "கெழக்குத் தெருன்னு நெனச்சுக்க, வந்துரும். பயப்படாத." அப்படியும் அவளுக்கு வரவில்லை. அவர் எழுந்து நின்றார், கைகளைக் கட்டிக்கொண்டார், டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "டீச்சர், இது எங்கூடப் படிக்கற புள்ள. நல்லாப் படிக்கும். நெதமும் எனக்கு அதுதான் சொல்லிக் குடுக்கும். வீட்டுல வேல சாஸ்தி, தனக்குப் படிக்க நேரமில்ல. ஃபெயில் போட்ராதீங்க டீச்சர்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். எழுதிய எண்ணின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். "உக்காருங்கய்யா," என்றாள், பிறகு மேகலாவிடம், "நீங்க மெதுவா சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்ல. அவர வேணும்னா வெளிய உக்கார வெச்சுட்டு வந்து சொல்லுங்க." அப்படி ஒரு வழி இருப்பது அவளுக்கு அதுவரை தோன்றவே இல்லை. அவரைக் கொண்டுபோய்க் காந்திமதியின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு வந்து, கேஸிலிருந்து ஆரம்பித்தாள். பேசப் பேச அழுகிறோமா சிரிக்கிறோமா என்று பிடிபடவில்லை, மூக்கு மட்டும் ஒழுகிற்று.

வெளியே வந்தபோது அவர் பெஞ்சில் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்தாள். வராந்தா முனையில் நின்றிருந்தார், சொட்டுகிற குழாயை இரண்டு கையாலும் இறுக்கித் திருகிப் பிடித்துக்கொண்டு. கையை எடுத்தால் சொட்டியது, பிடித்தால் நின்றது. அவள் கையிலிருந்த தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மார்க்கு போட்டுட்டாங்களா?"

முத்திரை குத்தின இடத்துக்கு மேலே ஊனச் சதவீதம் என்று இருந்த கட்டத்தை அவள் பார்த்தாள். "எழுபத்தஞ்சுங்க மாமா."

"எழுபத்தஞ்சா." அவர் குழாயை விட்டார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். பின்னால் குழாய் சொட்ட ஆரம்பித்தது. "பரவால்லயே. நீ சொல்லிக் குடுத்ததுதான்." கொஞ்ச தூரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார், கேட்டுக்கு அருகில் வந்ததும் எதையோ நினைத்துக்கொண்டவர்போல நின்றார்.

"ஒனக்கு எவ்வளவு?"